டீ குடிக்கிற நேரம்

வாங்க தம்பி, டிரைவர் சீட்ல நீங்களே உக்காருங்க. நான் இந்தப் பக்கம் இருந்துக்கிறேன். நாளையிலேர்ந்து உங்க வண்டிதானே, இன்னைக்கே கை பழகட்டும். கிளச்சு கொஞ்சம் மேல புடிக்கும். ரெண்டாவது கியர் மட்டும் மொரண்டு பண்ணும், பாத்துப் போட்டா விழுந்துரும்.

பிளாஸ்க் எங்க? பின்னாடி வச்சிராதீங்க, கைக்கு எட்டுற மாதிரி வைங்க. டீசல் இல்லாமக்கூட இந்த வண்டி ஒரு நா ஓடிரும், பிளாஸ்க் இல்லாம ஓடாது. சிரிக்காதீங்க, போகப் போக தெரியும்.

பேரு என்ன சொன்னீங்க, கார்மேகமா? எம் பேரு பால்ச்சாமி. டீச்சர் சொல்லியிருப்பாங்க. இந்த சென்டர் என்னன்னு சொன்னாங்களா? படிப்ப பாதியில விட்ட பிள்ளைங்க, இன்னைக்கோ நாளைக்கோ விட்டுரும்னு இருக்கிற பிள்ளைங்க, அதுகளுக்கு. வேடசந்தூர் ரோட்ல பழைய கல்யாண மண்டபம் இருக்குல்ல, அதான் பள்ளிக்கூடம். பெஞ்சு கெடையாது, மணி கெடையாது, யூனிபாரம் கெடையாது. ஆனா பாடம் உண்டு. பத்தாவது எழுத வைப்பாங்க, தையல் உண்டு, பைக் மெக்கானிக் உண்டு. ஜெசிந்தா டீச்சர்தான் எல்லாம். அவங்க யாரையும் திட்டி நான் பாத்ததில்ல. எனக்கே ஆரம்பத்துல, என்னடா இவங்க, இப்படி இருந்தா எப்படிடா பிள்ளைங்க உருப்படும்னு இருந்துச்சு.

எடுங்க. நேரா போங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, பிள்ளைங்க யாரும் வரமாட்டாங்க. சும்மா ரூட்ட காட்டிவிட்டுர்றேன். கடைசி ஸ்டாப் எங்க வீடு. அதை முன்னாடியே சொல்லிர்றேன், அப்புறம் நீங்க வேற யாராச்சும் சொல்லிக் கேட்டு, அண்ணன் மறைச்சுட்டாருன்னு நெனைக்கக் கூடாது. அங்க ஏற வேண்டியது எம் பொண்ணு. ரூபிகா. பதினாறு ஆவுது. நான் ஓட்டுற வண்டியில ஏற மாட்டேங்குறா. அதுக்குத்தான் நான் வேலைய விட்டு நிக்கிறேன், நீங்க வர்றீங்க. வேற ஒண்ணுமில்ல. குடிச்சேன், வண்டிய இடிச்சேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

வருத்தமான்னு கேக்குறீங்களா? என்ன சொல்றது. பல்லு புடுங்க ஊசி போடுவாங்கள்ல, கன்னம் நம்மளுது இல்லாத மாதிரி இருக்கும். தொட்டா தெரியாது. அப்படித்தான் இருக்கு கொஞ்ச நாளா. சோறு தின்னுறேன், தூங்குறேன், வண்டி ஓட்டுறேன். ஒண்ணும் தெரியல.

லெப்ட்ல திரும்புங்க. இதான் நொச்சிப்பட்டி. அந்த முருங்கத் தோட்டம் தெரியுதா, அதை ஒட்டுன வீடு. நிறுத்துங்க. ஹாரன் அடிக்காதீங்க! இல்ல, நீங்க அடிக்கல, கை போச்சு, பாத்தேன். எனக்கும் அப்படித்தான் போகும். ஹாரன் ரோட்டுக்குத்தாண்ணே, வாசலுக்கு இல்லண்ணேன்னு டீச்சர் சொல்லுவாங்க.

இங்கதான் விசயம் இருக்கு, கவனிச்சுக்குங்க. வாசல்ல வண்டிய நிறுத்தணும். எஞ்சின அணைக்கணும். பிளாஸ்க்க தொறந்து ஒரு டீ ஊத்திக்கணும். குடிக்கணும். அவ்வளவுதான். டீ முடியிற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள பிள்ள வந்தா வருது. வரலையா, கிளாஸ கழுவி வச்சுட்டு கெளம்பிரணும். கூப்புடக் கூடாது, கதவ தட்டக் கூடாது, ஏன் வரலன்னு கேக்கக் கூடாது. மறுநா திரும்ப வரணும். அதே மாதிரி டீ. வராத பிள்ள வீட்டுக்கும் இதேதான். வராத பிள்ள வீட்டுலதான் நல்லா சூடா ஊத்திக்கங்கம்பாங்க டீச்சர், ஆற நேரமாகும்ல.

நான் இதுக்கு முன்னாடி மில்லு வண்டி ஓட்டுனவன். நூல் மில்லு. விடியிறதுக்கு முன்னாடி தெருவுக்குள்ள நொழஞ்சா ஹாரன்ல இருந்து கைய எடுக்க மாட்டேன். பொம்பளப் பிள்ளைங்க ஒரு கையில தூக்குவாளி, ஒரு கையில சடைன்னு ஓடி வரும். கடைசி ஆளு ஏறுறதுக்குள்ள வண்டி நகந்துரும். எனக்கு நல்ல பேரு அங்க. பால்ச்சாமி வண்டி லேட்டுன்னு ஒரு நா சொன்னதில்ல. அந்தக் கையோட இங்க வந்து, வராத பிள்ள வாசல்ல டீ குடிக்கச் சொன்னா? எந்த ஊர்லய்யா இப்படி நடக்கும்னு இருந்துச்சு.

ஆனா நடந்துச்சு தம்பி. இந்த முருங்கத் தோட்டத்து வீட்டுல லோகநாதன்னு ஒரு பையன். ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தான். நான் வந்து நின்னா அந்தச் செவத்து மேல ஏறி உக்காந்து என்னையவே பாப்பான். நான் குடிப்பேன், போயிருவேன். மழக்காலம் பூரா அப்படித்தான். பொங்கல் முடிஞ்சு ஒரு நா, கிளாஸ கழுவிட்டுத் திரும்புறேன், உள்ள உக்காந்திருக்கான். ஆட்டுப் புழுக்க வாசத்தோட.  நான் வண்டிய எடுத்துட்டேன். இப்ப அவன்தான் இந்த வண்டிக்கு ஆயில் மாத்துறது. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல, சந்தோசத்துல. அப்பல்லாம் எனக்கு அதெல்லாம் தெரிஞ்சுச்சு.

எடுங்க, போவோம். எல்லா வாசல்லயும் நின்னா இன்னைக்கு பிளாஸ்க் காலி. எனக்கு இந்த வேலையில கெடச்சது ரெண்டு. ஒண்ணு லோகநாதன், இன்னொண்ணு நெஞ்செரிச்சல்.

என்ன பாக்குறீங்க? ஓ, அந்தப் போட்டோவா. அதான் ரூபிகா. பேப்பர்ல வந்தது. நான்தான் வெட்டி லேமினேசன் போட்டு முன்கண்ணாடியில ஒட்டி வச்சேன். நல்லா வந்திருக்கில்ல? மாலை போட்டிருக்கா பாருங்க, பக்கத்துல ஹெட்மாஸ்டர், இந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவரு, ஓரமா காக்கிச் சட்ட தெரியுதே, அது நான். மேல எழுத்து பெருசாப் போட்டிருக்கான். ‘இடைநின்ற மாணவி மீண்டும் பள்ளியில் சேர்ப்பு.’ எங்க வம்சத்துல பேப்பர்ல வந்த மொத ஆளு அவதான்.

சொல்றேன், அவசரப்படாதீங்க. ரோட்ட பாத்து ஓட்டுங்க.

ஒம்பதாவது வரைக்கும் நல்லாத்தான் போனா. பத்தாவது பாதியில வயித்து வலி. காலையில மட்டும் வரும். ஞாயித்துக்கெழம வராது, பள்ளிக்கூடம் லீவுன்னா வராது. நான் கிண்டல் பண்ணுவேன், உன் வயித்துக்கு காலண்டர் தெரியுதேன்னு. அவ அம்மா ஜோதிமணி மில்லுல ஷிப்ட்டு. அவளுக்குக் கேக்க நேரமில்ல. நான் கேட்டேன் தம்பி. கேக்காம இருப்பனா? ஏன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்குறன்னு தெருவே கேக்குற மாதிரி கேட்டேன். பதில் சொல்லணும்ல? செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

எனக்கு எப்படி இருக்கும்? ஊர் பிள்ளைங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போறவன் வீட்டுப் பிள்ள வீட்டுல கெடக்குது. டீக்கடையில ஒருத்தன் கேட்டே விட்டான், பால்ச்சாமி, உன் வண்டி உங்க தெருவுல நிக்காதான்னு. அன்னைக்கு முடிவு பண்ணேன், பிள்ளைய மரியாதையா, நாலு பேரு மெச்சக் கொண்டு போய் விடணும்னு.

சூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்ததும் பேரணி வருவாங்கல்ல? தட்டிய புடிச்சுக்கிட்டு, பிள்ளைங்கள பள்ளிக்கு அனுப்புங்கன்னு கோசம் போட்டுக்கிட்டு. படிப்ப நிறுத்துன பிள்ள வீடுன்னு தெரிஞ்சா வாசல்ல நின்னு மாலை போட்டு கூட்டிட்டுப் போவாங்க. நானே ஹெட்மாஸ்டர்ட்ட போனேன். சார், எங்க வீட்டுக்கு வாங்க சார்னேன். அவரு வேண்டாம்னா சொல்லுவாரு? கொட்டுக்கு நான்தான் சொல்லி வச்சேன். மாலை நானே திண்டுக்கல் பூ மார்க்கெட்ல போய் வாங்கினேன், சம்பங்கி, நடுவுல ரோசா. இந்த சென்டர் பிள்ளைங்களையும் நம்ம வண்டியில ஏத்திட்டு வந்து இறக்கினேன். எல்லாரும் சேந்து அக்கா வாங்கன்னு கூப்புடுங்கடான்னேன். தெருவே வெளிய வந்து நிக்குது. கொட்டு அடிக்கிது. அவ நைட்டியோட கதவத் தொறந்தா. உள்ள போய் துணி மாத்திக்கிட்டு வந்து நின்னா. போட்டோவுல பாருங்க, நல்ல சுடிதார்தான். முடிதான் சீவல.

இல்ல தம்பி, அழுகல. போட்டோவுல கண்ணு அப்படித் தெரியுது. வெயிலு.

ஜெசிந்தா டீச்சருக்குத்தான் புடிக்கல. அவங்கள கேக்காம பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனதுல கோவம்னு நெனச்சேன். திட்டல. பால்ச்சாமியண்ணே, லோகநாதன் வீட்டுல எத்தன மாலை போட்டீங்கன்னு மட்டும் கேட்டாங்க. அவன் யாரு, இவ யாரு டீச்சர், இவ எம் பொண்ணாச்சேன்னேன். இந்தப் போட்டோவயும் எடுத்துருங்கண்ணேன்னு ஒரு தடவ சொன்னாங்க. அவங்களுக்கு விளம்பரம் புடிக்காது, அதான். எடுத்துட்டு, அவங்க எறங்குனதும் திரும்ப ஒட்டிட்டேன். ரூபிகாவே ஒரு நா வண்டி சன்னல் வழியா பாத்துட்டு, அது எதுக்குன்னு கேட்டா. அப்பாவுக்குப் பெருமடான்னேன். அப்புறம் கேக்கல.

பள்ளிக்கூடத்துக்குப் போனா, கொஞ்ச நாளு. அங்க பசங்க ‘மாலை, மாலை’ன்னு கூப்புட்டாங்களாம். வாத்தியார் ஒருத்தர் வருகைப் பதிவு எடுக்கிறப்ப, மாலை வந்தாச்சான்னு கேட்டாராம். இதை அவ சொல்லல, பக்கத்து வீட்டுப் பிள்ள சொன்னது. வெளையாட்டுக்குக் கூப்புடுறதுதானே. நாங்க படிக்கிறப்ப எனக்கு ஓணான்னு பேரு. நான் என்ன படிப்ப விட்டுட்டனா? சரி, விட்டேன், அது வேற காரணம்.

அப்புறம் ஒரு நா உள்ள போனவதான். வெளிய வரல. குளிக்கிறதுக்கும் தண்ணி புடிக்கிறதுக்கும் தவிர வாசல்படி தாண்டல. என்கிட்ட பேச்சு நின்னுபோச்சு. சாப்பாட்ட வச்சுட்டுப் போயிருவா. நானும் விட்டுட்டேன். டீச்சர்ட்ட போய், நம்ம சென்டர்லயே சேத்துக்கங்கன்னு கேட்டேன். அதுக்கென்ன, உங்க வீடும் ரூட்டுதானேன்னாங்க.

அதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. ராத்திரி வண்டிய எங்க வாசல்லதான் நிறுத்துறது. அப்ப மொத ஸ்டாப் எங்க வீடுதானே? காலையில வண்டிய எடுக்கிறப்ப, வர்றியா இல்லியான்னு ஒரு சத்தம் குடுப்பேன்.  கெளம்பிருவேன். டீச்சர் கேட்டாங்க, அங்க டீ குடிச்சீங்களாண்ணேன்னு. சொந்த வீட்டு வாசல்ல நின்னு பிளாஸ்க் டீ குடிப்பாங்களா யாராச்சும்? பாக்குறவன் என்ன நெனைப்பான், பொண்டாட்டி டீகூட போட்டுத் தரலன்னுல்ல நெனைப்பான்? உள்ளயே குடிச்சுட்டுத்தான வர்றேன் டீச்சர்னேன். அவங்க வண்டிய சென்டர்லயே நிறுத்தச் சொல்லிட்டாங்க, எங்க வீட்ட கடைசி ஸ்டாப்பா மாத்திட்டாங்க.

கடைசி ஸ்டாப்புன்னா என்ன ஆகும், வண்டி நெறைய பிள்ளைங்க இருக்கும். எல்லாரும் எட்டிப் பாக்கும். அத்தன கண்ணுக்கு முன்னாடி எப்படி ஊத்துறது தம்பி. டீ ஊத்துனா சிந்தும். அதனால ஊத்தல. நிக்கிறது, கதவப் பாக்குறது, எடுத்துர்றது. ஹாரன் அடிக்கலல்ல, அது வரைக்கும் சரிதானே?

டீச்சர் வீட்டுக்கே வந்து அவகூட ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. கதவ சாத்திக்கிட்டு. வெளிய வந்து சொன்னாங்க, படிக்க ஆசைதான் இருக்கு, ஆனா அந்த வண்டியில ஏற மாட்டேங்குறான்னு. அந்த வண்டியில என்ன இருக்கு? நான்தான் இருக்கேன். டீச்சர் இன்னும் என்னமோ சொல்ல வந்தாங்க. நான் கையெடுத்துக் கும்புட்டுட்டேன். புரிஞ்சுபோச்சு டீச்சர், நான் நின்னுக்கிறேன், வேற டிரைவரப் பாருங்கன்னுட்டேன். அப்பன் மூஞ்சிய பாக்கப் புடிக்கலன்னா பாக்க வேண்டாம். பிள்ள படிச்சாப் போதும். அழுகையெல்லாம் வரல. சாவிய மேசையில வச்சேன், புது ஆளு வர்ற வரைக்கும் நீங்களே ஓட்டுங்கண்ணேன்னாங்க, திரும்ப எடுத்துக்கிட்டேன்.

மொதல்ல ரைட்டு, அப்புறம் கோயில தாண்டி லெப்ட்டு. மெதுவா, மேடு இருக்கு.

நான் எங்க போறேன்னு கேக்கலையே? மில்லு வண்டிக்குத்தான். பழைய ஆளு, உடனே வரச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு நான்தான் வருவேன், மில்லு வண்டியோட. ஜோதிமணி ஏறுவா. ஜோதிமணி என்ன சொல்லியிருக்கா தெரியுமா? நாளையிலேர்ந்து ரூபிகாவையும் கூட்டிட்டு வர்றேன்னு மேஸ்திரிட்ட சொல்லி வச்சிருக்கா. வீட்டுல செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறதுக்கு நாலு பிள்ளைங்களோட வந்து நூலப் புடிக்கட்டுமேங்குறா. ரூபிகாகிட்ட கேட்டிருக்கா. ரூபிகா வேண்டாம்னு சொல்லல. சரின்னும் சொல்லல. தூக்குவாளி ஒண்ண எடுத்துக் கழுவி வச்சிருக்கா. அதைப் பாத்துட்டேன் நேத்து, அடுப்பு மேடையில கவுத்து வச்சிருக்கு.

மில்லுக்குப் போன பிள்ள திரும்ப பொஸ்தகத்தத் தொட்டு நான் பாத்ததில்ல தம்பி. எத்தன வருசம் ஏத்திட்டுப் போயிருக்கேன். பஞ்சு தலையில ஒட்டிக்கிட்டு எறங்கும், சாயங்காலம் தூங்கிக்கிட்டே ஏறும். எல்லாம் படிச்ச பிள்ளைங்கதான் ஒரு காலத்துல.

அதனால சொல்றேன். நாளைக்கு மொதல்ல நான் வருவேன். ஹாரன் அடிப்பேன், அங்க அடிச்சே ஆகணும். அப்புறம் வெயில் ஏறுனதும் நீங்க வருவீங்க. என் ஹாரனுக்கு அவ வந்துரக் கூடாது. உங்க டீக்கு வரணும். எனக்கு வேணுங்குறது அது ஒண்ணுதான். இதை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். அவகிட்ட சொல்லலாம்தான். எப்படிப் போய் சொல்றது, பேச்சே இல்லியே.

இந்தத் தெருதான். கொஞ்சம் இருங்க, நிறுத்துங்க, நான் பின்னாடி போயிர்றேன். என் தல தெரிஞ்சா காரியம் கெட்டுரும். பிள்ளைங்க பை வைக்கிற எடம் இருக்குல்ல, அந்தச் சீட்டுக்குக் கீழ உக்காந்துக்கிறேன். ஆமா, இப்படித்தான். இப்ப போங்க. தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்புல பச்சக் கதவு. வாசல்ல ஒரு செம்பருத்தி நிக்கும்.

நின்னாச்சா? எஞ்சின அணைங்க.

என்ன சத்தம் அது? ஏன் தம்பி, அந்தப் போட்டோவையா பிக்கிறீங்க? மறைக்குதா? எனக்கு ஒரு நா மறைச்சதில்லியே. இத்தன நாளு அதோடதான ஓட்டினேன். சரி, உங்க வண்டி, நான் ஒண்ணும் சொல்லல. கசக்கிராதீங்க. உள்ள எங்கியாச்சும் வைங்க, நான் எடுத்துட்டுப் போயிக்கிறேன்.

டீ ஊத்துங்க. இன்னைக்கு எதுக்கா? இந்த வாசல்ல இது வரைக்கும் யாரும் குடிக்கல தம்பி. நீங்க குடிங்க. நேரா கதவையே பாக்காதீங்க, சும்மா எங்கயோ பாத்துக் குடிங்க. அப்படித்தான் குடிக்கணும்.

ஞாயித்துக்கெழம வரமாட்டா. தெரியும் எனக்கு. சும்மா பழகிக்கத்தான்.

தாழ்ப்பா சத்தம்ல அது? யாரு? ஜோதிமணியா? சேலையா, சுடிதாரா பாருங்க. நீலமா. அப்ப அவதான். கையில என்ன, கொடமா? தண்ணிக்கு வந்திருப்பா. வண்டியப் பாத்துட்டு உள்ள போயிருப்பாளே. போகலையா? நிக்கிறாளா? படிக்கு உள்ளயா வெளியவா? சொல்லுங்க தம்பி, எனக்கு இங்கருந்து சீட்டுக் கம்பிதான் தெரியுது.

வெளியவா.

உங்களையா பாக்குறா? இல்லையா? பின்ன எங்க பாக்குறா? கண்ணாடியவா? கண்ணாடியில என்ன இருக்கு இப்ப பாக்குறதுக்கு? அதைத்தான் எடுத்துட்டீங்களே.

எடுத்துட்டீங்களே தம்பி.

இன்னும் நிக்கிறாளா? கொடத்த கீழ வச்சுட்டாளா. சரி. சரி. இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல, கால் மரத்துப் போச்சு, அதான். நான் எந்திரிக்க மாட்டேன், நீங்க திரும்பிப் பாக்காதீங்க. கிளாஸ்ல இன்னும் இருக்கா? மெதுவாக் குடிங்க.